பாங்கொக்கை வேண்டாமென்றவள்

கலஹா பஸ் கண்டியிலிருந்து புறப்பட்டதும், பின் இருக்கையில் ஓர் இளம்பெண் தன் அம்மாவிடம் சொன்னாள்: “பாங்கொக்க வேணாம்னுட்டேன்மா.”

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லும் தோரணை.

“பைத்தியமாடி ஒனக்கு? எவ்வளவு பெரிய ஊரு!”

“பெரிய ஊருதான். ஆனா அங்க ஸ்கூல்ல வெள்ளைக்காரர் இங்கிலிஷ் படிச்சுக் கொடுப்பாரு, நான் பக்கத்துல இருந்து கொப்பி திருத்தணும். சியாங்ராய் ஸ்கூல்லயும் வேல கெடச்சிருக்கு, அங்க வகுப்பே என்னோடது.”

“அது எப்படியான ஊரு?”

“தாய்லாந்துலதான், சின்ன டவுன். மலை, குளிரு. சுத்தித் தேயிலை.”

அம்மாவின் குரல் உயர்ந்தது. “தேயிலையா? நான் கொழுந்து பறிச்சு ஒன்னைய படிக்க வச்சது, கடல் தாண்டிப் போயும் தேயிலைக்குள்ளயே கெடக்கவா?”

“அங்க கொழுந்து பறிக்கிறவங்க பிள்ளைங்களும் அந்த ஸ்கூலுக்குத்தாம்மா வருதுங்க. அதுகளுக்கு இங்கிலிஷ் டீச்சர் நான்தான்.”

பஸ் பேராதனையைத் தாண்டியது. பிறகு கண்டக்டர் வந்து நின்றார்.

“கலஹாவுக்கு ரெண்டு,” என்றார் அம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. “ஒண்ணு எனக்கு. ஒண்ணு தாய்லாந்து டீச்சருக்கு.”