மாமனார் தைக்கும் முதல் போர்வை

— அந்தப் பச்சையை எடுக்காதீங்க மாமா, அது வழுக்கும்.

— பளபளன்னு நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை?

— சாட்டின் அது. எனக்கே அடங்காது. ஊசி ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போகும். புதுசாத் தைக்கறவங்களுக்குப் பருத்திதான் சொன்ன பேச்சு கேக்கும்.

— அப்ப இந்த நீலம். கண் ஆபரேஷனுக்கு முன்னாடி இதைச் சாம்பல்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஏன் இந்த மனுஷன் கடை பூரா சாம்பல் துணியா வாங்கி அடுக்கியிருக்கார்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன்.

— உங்க பொண்ணும் அப்படித்தான் திட்டறா. அவளுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல.

— பக்கத்துல இந்தச் சிவப்பை வைக்கலாமா?

— வைக்கலாம். முதல்ல அலசிக் காயப்போடணும். சாயம் இறங்கிச்சுன்னா வெள்ளையெல்லாம் ரோஸாயிடும்.

— வேண்டாம். நீலமும் வெள்ளையும் போதும். அதாவது பாருங்க, சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தி வச்சுத் தச்சுட்டா வேலை முடிஞ்சது. காலையிலயே கொஞ்சம் வெட்டி வச்சுட்டேன், இதோ.

— குடுங்க. நாலு இஞ்சா?

— நாலுதான். முடி அளவுகூடப் பிசகாது. தச்சன் கை மாப்பிள்ளை.

— அதான் பிரச்சனையே. தச்சு முடிச்சா மூணரைதான் நிக்கும். ஓரத்துல தையலுக்கு விட வேண்டாமா?

— மரத்துல நாலுன்னா நாலு. கூட விட்டா கதவு சாத்தாது.

— இது கதவில்ல மாமா. ரெண்டு துண்டு சேரணும்னா ரெண்டுமே கொஞ்சம் உள்ள போகணும்.

— இந்த வயசுல இப்படி ஒரு கணக்குல தோத்துட்டேனே.

— துண்டுங்க வீண் போகாது. விஷயம் என்னன்னா, இதையே மூலைக்கு மூலை குறுக்க வெட்டினா முக்கோணம். முக்கோணங்களைச் சேத்துச் சேத்து வச்சா காத்தாடி மாதிரி சுத்தும். போர்வை பூராவும் காத்தாடி.

— அழகாத்தான் இருக்கும். ஆனா குறுக்க வெட்டின துணி இழுபடும்னு நீங்கதானே ஒரு அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தீங்க?

— இழுபடும். மெதுவாத் தைக்கணும். கோணிக்கிட்டா பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கணும். அதுவும் ரெட்டைக் கட்டில் அளவுக்குன்னா இன்னும் மெதுவா. உங்க பொண்ணு அந்த அளவுதான் கேட்டா.

— அவ எங்க கேட்டா? என் மகன் பெரியவன் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் என் கையால ஒண்ணு பண்ணிக் குடுக்கறேன்னு நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். உடனே தட்டைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா.

— அப்புறம் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்ச்சா. ஏற்கனவே தேய்ச்ச பாத்திரத்தை.

— ம்.

— என்ன மாமா பண்றீங்க?

— துணி மடிக்கறேன்.

— அதை மடிச்சு முடிச்சு ரொம்ப நேரமாச்சு.

— மாப்பிள்ளை, நேராவே கேக்கறேன். உங்ககிட்டத் தையல் பழக வர்றவங்களுக்கு முதல் போர்வைக்கு எதைச் சொல்வீங்க?

— சதுரம்.

— முக்கோணம்?

— சொல்ல மாட்டேன். பாதியில போட்டுட்டு ஓடிடுவாங்க.

— அப்ப எனக்கு மட்டும் ஏன்?

— இருங்க மாமா, மெஷின்ல பஞ்சு ஒட்டியிருக்கு, துடைச்சிடறேன்.

— மெஷினைத் துடைச்சது போதும், சொல்லுங்க.

— சதுரம்னா இந்த வாரமே முடிஞ்சிடும் மாமா. முடிஞ்சா நீங்க கிளம்பிடுவீங்க.

— கிளம்பத்தானே வேணும்? கண்ணு ஆறிப்போச்சு. உங்க வாசல் கதவுலேருந்து அலமாரி வரைக்கும் கிறீச்சுன்னு கத்தினதையெல்லாம் சரி பண்ணியாச்சு. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, மாமனாரையும் வேலைக்கு வச்சுட்டாரான்னு சிரிக்கறார். பெரியவனும் வா வான்னு போன்ல உயிரை எடுக்கறான்.

— எடுக்கறாரா?

— ஆமா.

— கடைசியா எப்பப் பண்ணினார்?

— அதாவது... பாருங்க...

— மெதுவாச் சொல்லுங்க மாமா. கடையில யாரும் இல்ல.

— அவன் கூப்பிடவே இல்ல மாப்பிள்ளை. எப்பப் போவாருன்னு நீங்க ரெண்டு பேரும் நினைக்கறதுக்கு முன்னாடி நானே எழுந்துடலாம்னு பார்த்தேன். பஸ் ஏறிட்டா அப்புறம் எங்கயாவது ஒரு இடம் கிடைக்காமலா போகும்?

— தெரியும் மாமா. மச்சான்கிட்ட நான் நேத்து ராத்திரியே போன்ல பேசிட்டேன். அதனாலதான் முக்கோணம்கறேன்.