ஸ்க்ரூ தலையில் ஒரு பொட்டு

"ஹலோ... ஆமா சார், பாகீரதிதான்... கேக்குது, கேக்குது... உங்க ஃபேக்ஸ் வந்துச்சு. கையிலதான் வெச்சிருக்கேன்... படிச்சேன் சார், ரெண்டு தரம் படிச்சேன்... இல்ல. கையெழுத்துப் போடல."

பெங்களூர் பீனியா ரெண்டாவது ஸ்டேஜில், தன் பட்டறையை ஒட்டிய எட்டடி அறையில் நின்றபடிதான் பேசினாள் பாகீரதி. மறுமுனையில் சென்னையிலிருந்து பாலகுமார், பொம்மை ரயில் இஞ்சின் விற்கிறவர். அந்த இஞ்சினுக்குள் மோட்டாரும் பல்சக்கரமுமாக ஓடுகிற பாகம் முழுக்க இவள் பட்டறையில் செய்வது. பெட்டிமேல் மட்டும் நாலு வருஷமாக 'ஜெர்மன் மெக்கானிசம்' என்று அச்சடித்திருந்தார் மனுஷர். அதையும் பொறுத்துக்கொண்டாள். இன்றைக்கு வந்த ஃபேக்ஸோ அவளையே எழுதித் தரச் சொன்னது: 'ஜெர்மனியிலிருந்து வரும் பாகத்தைப் பூட்டித் தருவது மட்டுமே எங்கள் வேலை.' யாருக்கானாலும் பற்றிக்கொண்டுதான் வரும்.

"பெட்டி உங்களுது சார். அதுமேல சந்திர மண்டலத்துல செஞ்சதுன்னுகூடப் போட்டுக்கோங்க. நான் வாயைத் தொறந்தேனா?... ம்... ம்... ஆனா இது என் லெட்டர்ஹெட்டுல போற லெட்டர். இதுல எப்படிப் பொய் எழுதறது?... ஆமா, ஆமா, புரியுது. லண்டன் பார்ட்டி, மொத்தமா வாங்க நாளைக்கு வர்றாங்க. சாம்பிளைத் திறந்து பாத்துட்டு உள்ள இருக்கறதை யாரு பண்ணாங்கன்னு கேக்கறாங்க... கேட்டா சொல்லிட்டுப் போங்களேன்! வெக்கமா இருக்கா?... ஒரு நிமிஷம்... ஏ உஷா, ஆ லேத் ஸ்வல்ப நில்லிஸம்மா!... ஹாங், லேத்து சத்தம், நிறுத்தச் சொன்னேன்... சொல்லுங்க... என்னது, பொட்டா?"

"பொட்டு இல்லாம அனுப்பணுமா? அது அழகுக்கு வெச்சதில்ல சார். ஓட ஓட ஸ்க்ரூ கழண்டுக்கும். அதான் எங்க சொர்ணம் ஒவ்வொண்ணுத்துத் தலையிலயும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடறா. காஞ்சா அப்படியே பிடிச்சுக்கும்... ஆமா, விரலுக்குப் போடற அதேதான், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ்ல வாங்கறது... சிரிக்காதீங்க. நாலு வருஷத்துல ஸ்க்ரூ கழண்டுச்சுன்னு எத்தனை திரும்பி வந்துச்சு?... ஒண்ணுகூட இல்லல்ல?"

"ஓஹோ... அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வரலன்னா இனிமே ஆர்டர் கிடையாது. சரி... சரி..."

கண்ணாடி வழியே பட்டறையைப் பார்த்தாள். பதினோரு பெண்கள். பாதி வேலை இந்த ஆளுடையது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தபிறகு எந்த முகத்தோடு சொர்ணத்துக்கு முன்னால் போய் நிற்பது?

"போட மாட்டேன் சார். ஆர்டரை நிறுத்திக்கோங்க... யாருகிட்ட?... ஓ, கோயம்புத்தூர் கம்பெனி இஞ்சினா? உங்க மேஜைமேலயே இருக்கா?... அப்படியா, வழுக்கிட்டு ஓடுதா!... பெட்டியில இத்தாலி மெக்கானிசம்னு போட்டிருக்கா... ம்... அதைப் பண்றவங்களையே பிடிச்சிடுவீங்களா?... எங்களுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்த மாதிரி வராதா... சரி சார். சரி..."

பாகீரதிக்குச் சிரிப்பு முட்டியது. ஒரு பார்ட்டியின் பேரை இன்னொரு பார்ட்டியிடம் சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், கிட்டக்க சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?... எடுங்களேன். அந்த இத்தாலியை அப்படியே கவுத்துங்க. அடியில ரெண்டு ஸ்க்ரூ இருக்கும்... இருக்கேன், இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... மூடி வந்துச்சா? பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கு பாருங்க ஒரு ஸ்க்ரூ, அதோட தலையைப் பாருங்க... ஆமா... பொட்டா?... என்ன கலரு?"

"நீலம்... ம். ரிப்பேருக்கு வந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதில்ல, அதனால ஆளுக்கொரு கலரு. உங்களுக்குச் சிவப்பு... நான் யார் பேரையும் சொல்லல சார், நீங்களேதான் திறந்தீங்க... உங்க ஜெர்மனி, அவங்க இத்தாலி, ரெண்டுக்கும் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே பஸ் இருக்கு. நாளைக்கு லண்டன்காரங்களையும் கூட்டிட்டு வாங்க, காபி தரேன்."

"ஆங்?... லெட்டரா? அதை அனுப்பத்தான் போறேன்... சொர்ணம், அந்தச் சிவப்பு பாட்டிலைக் கொண்டா... இல்ல சார், உங்களைச் சொல்லல... என் லெட்டர்ஹெட்டுல உங்க ஜெர்மனி வரியை விட்டுட்டேன். 'மொத்தமும் எங்க பட்டறையில செஞ்சது'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. பக்கத்துலயே ஒரு பொட்டும் வெச்சிருக்கேன்... ஃபேக்ஸ்ல கறுப்பாத்தான் வரும். என்ன கலருன்னு உங்களுக்குத் தெரியுமே... இருங்க, காயட்டும்... ம், காஞ்சிடுச்சு. இதே லைன்லதான் சார் ஃபேக்ஸ் போகணும். போனை வைங்க."