பன்னிரண்டாவது வார அளவு

அலாரம் அலறியபோது நான் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். எச்சில் டம்ளர் காயும்வரை கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

கன்னடம் வேண்டாம், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஸ்ரீஹர்ஷா. நன்றி. அடுகோடியில் இந்த ஆய்வகத்தில் பதினொரு வருடமாகத் தோலைப் பற்றி ஆராய்கிறேன். கொலாஜன் பவுடர் குடித்தால் முகச் சுருக்கம் போய்விடும் என்று ஊரெல்லாம் விற்கிறார்கள். விற்கிறவனே செலவு செய்து நடத்தும் ஆய்வில் சுருக்கம் போகாமல் என்ன செய்யும்? அந்தப் பித்தலாட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு நேர்மையான ஆய்வு செய்ய நினைத்தேன்.

மர்பி டவுனில் ஒரே சந்திலிருந்து இருபத்தொரு பெண்கள். பன்னிரண்டு வாரம். பத்துப் பேருக்கு மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன், மீதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்கெட் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது.

அத்தனை பேரையும் கூட்டிவந்தவள் தனக்கோடி. பிளவுஸ் தைக்கிறவள். மீன் பட்டாலே மூச்சு முட்டும் என்று விண்ணப்பத்தில் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அவள் இல்லையென்றால் மற்றவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன். அவளுக்கு மாவுப் பாக்கெட்டே போகும்படி பார்த்துக்கொண்டேன். அது பொய் இல்லை சார், ஏற்பாடு.

இன்று கடைசி அளவு. முதலில் வந்தவள் அவள்தான். கன்னத்தில் சுருக்கம் அளக்கும் கருவியை வைக்கப் போனேன். சிரித்தாள்.

“நிருபமா மேடம், கோச்சிக்கக் கூடாது. வாராவாரம் பாக்கெட் வந்ததும் எல்லாத்தையும் பிரிச்சு ஒரு டப்பால கொட்டி, கலந்து, சமமா பங்கு போட்டுட்டோம்.”

“ஏன்?”

“ஒருத்தி மூஞ்சி பளபளன்னு ஆயி, பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சி அப்படியே கெடந்தா, அப்புறம் குழாயடில நிம்மதியா தண்ணி பிடிக்க முடியுமா? நான் மட்டும் வாயிலயே வெக்கலை. கலந்ததுல மீன் இருக்குமே. அதான் இன்னும் கெழவியாவே இருக்கேன், பாருங்க.”

மறுபடியும் சிரித்தாள். பன்னிரண்டு வாரத்தை டப்பாவில் போட்டுக் கலக்கிவிட்டு, என் முகத்துக்கு நேராகச் சிரித்தாள்.

நான் கத்தவில்லை. அஷ்வினைக் கேட்டுப் பாருங்கள், என் உதவியாளன். நான் குரலை உயர்த்தி அவன் கேட்டதே இல்லை. உட்காரச் சொல்லி, ஸ்ட்ராங்காக ஒரு காபி போட்டேன். அதில் இரண்டு கரண்டி கொலாஜன். காபியில் வாடை தெரியாது. “மேடம் கையால காபியா!” என்று சந்தோஷமாகக் குடித்தாள். விதியை மீறினால் என்ன ஆகும் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

நான்காவது நிமிடம் உதடு தடித்தது. ஏழாவது நிமிடம் மூச்சில் விசில் சத்தம். எல்லாம் நோட்டில் இருக்கிறது. நேரம் குறிப்பது என் பழக்கம். சத்தம் கேட்டு ஓடிவந்த அஷ்வின் அலாரத்தை அழுத்திவிட்டு, “மேடம், அலர்ஜி ஊசி வெச்சிருக்கிற பெட்டி சாவி எங்கே?” என்று அலறினான். தேடுகிறேன் என்றேன். சாவி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அப்போதுதான் டம்ளரைக் கழுவினேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆய்வைக் கெடுத்தது அவர்கள் என்பதையும் எழுத வேண்டும். அடுத்த அறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறாள். வண்டி வர இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் பாக்கி.

“சார், இருபத்தொரு பேர்ல பன்னிரண்டு வாரமும் பவுடரே குடிக்காத சுத்தமான ஆள் அவங்க ஒருத்தர்தான், பாடியை எடுக்கறதுக்கு முன்னால அந்தக் கன்னத்துல கடைசி அளவை மட்டும் எடுத்துக்கட்டுமா?”