தங்கமுத்துவுக்குப் போட்ட படையல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அழகி, விளக்கைத் தூண்டாதே… இருக்கிற வெளிச்சம் போதும்.

என் கூட்டாளி திருப்பதி இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா தங்கமுத்துவுக்கு நடந்தது. நாற்பத்து நாலாம் வருஷம். இரவு பதினோரு மணி இருக்கும். திருவரங்குளத்திலிருந்து கீரமங்கலம் போகிற சாலை… ஈ காக்கை இல்லை. கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு.

கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊர்க்காரர், பதினாறு வயதில் பம்பாய்க்கு ஓடிப்போய்க் கப்பல் படையில் சேர்ந்து, அதிகாரியாகவே ஆகிவிட்டார். யுத்தத்தில் அவருடைய கப்பல் குண்டு பட்டு எரிந்தது. நெருப்புக்குள் திரும்பத் திரும்பப் போய் ஆட்களை இழுத்துப் போட்டார். அதற்காக மெடலும் கிடைத்தது. உடம்பு வெந்து, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கிடந்தார். கடலோடு போய்விட்டார் என்று ஊருக்குத் தந்தி வந்தது. பிழைத்த சேதி வரவே இல்லை. தேறியதும் பெண்டாட்டி செவந்தியைப் பார்க்க ஓடி வருகிறார் மனுஷன்.

வழியில் ஒரு மாட்டு வண்டி நின்றது. அதே ஊர்க் கருப்பன். ஏற்றிக்கொண்டான். பேரைக் கேட்டதும் அவன் கையிலிருந்து பிடிகயிறு நழுவியது.

"ஒங்களுக்குக் கருமாதியே ஆயிருச்சுங்களே… ஒங்க வீட்டம்மா வளையலையும் ஒடச்சாச்சு. அமாவாசைக்கு அமாவாசை படையல் போடுறாக. கதவச் சாத்தித் தெறந்தா எலை காலிங்க. நீங்க வந்து சாப்புட்டுப் போறதா ஊரே சொல்லுது. இன்னக்கிங்கூட அமாவாசதாங்க…"

"நான் சாப்புடலையே," என்றார் தங்கமுத்து.

கருப்பன் ஊர் எல்லையிலேயே இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டிப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தால் வண்டியையும் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

நெருப்புக்குள் போன ஆள், தன் வீட்டு வாசலில் படியேறாமல் நின்றார். வெல்லப் பணியார வாசனை வந்தது… கூடவே எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்த கப்பல் நாற்றம். படையல் போட்டால் வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்துவதுதான் வழக்கம். வெளியே யாரும் இல்லை. உள்ளே… வளையல் குலுங்கும் சத்தம்.

"செவந்தி… நான்தான். கதவத் தொற."

வளையல் நின்றது. "யாரு?"

"நான்தான்டி. உசுரோட வந்திருக்கேன்." அழுகை வந்துவிட்டது அவருக்கு. "கல்யாணமான அன்னக்கி ராத்திரி நீ ஒண்ணு கேட்டியே… நம்ம ரெண்டு பேரத் தவுர யாருக்குந் தெரியாது. கடல்ல…"

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. அவர் பேசி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து அவருடைய குரலே, வாயில் பணியாரத்தோடு, மீதியைச் சொன்னது.

"…கடல்ல எப்புடித் தூங்குவீகன்னு கேட்ட."

பிறகு செவந்தி கிசுகிசுத்தாள்.

"ஏங்க… வெளிய ஒண்ணு ஒங்க கொரல்லயே கூப்புடுதுங்க. பயமா இருக்கு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.