இரண்டு நாட்டுத் தண்ணீர்

பரமட்டாவில் ரயிலேறிய இரண்டு அங்கிள்மார் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஐரோப்பா போய்வந்தவர் தொடங்கினார்.

“ஜெர்மனிக்கும் லக்சம்பேர்க்குக்கும் எல்லை ஒரு ஆறுதான். ஆனா நடுவில கோடு கீறேல்லை. முழு ஆறும் ரெண்டு நாட்டுக்கும் சொந்தம்.”

“அதெப்பிடி?”

“பழைய ராசாக்கள் ஒப்பந்தம் எழுதேக்க ஆத்தைப் பிரிக்காமல் பொதுவா விட்டிட்டினம். இண்டைக்கும் அப்பிடித்தான்.”

“இறங்கிப் பாத்தனீரோ?”

“ஓம், முழங்கால் மட்டும். ஒரு நாடும் இல்லாமல் விசாவுக்கு வருசக்கணக்கா அலைஞ்சவன், அண்டைக்கு ஒரே நேரத்தில ரெண்டு நாட்டில நிண்டன்.”

“கனநேரம் நிண்டனீரோ?”

“எங்க நிண்டது! கால் வழுக்கினாப் பொக்கற்றில இருந்த ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் நனைஞ்சிடும் எண்டு பயந்து கரைக்கு ஓடி வந்திட்டன்.”