பதில் வரும்வரை

கழக்கூட்டத்திலிருந்து கரமனை போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

"ப்ரோக்ராம்ல ஒரே ஒரு வரி எழுதி கம்பெனி சர்வரையே நிறுத்திட்டேன்," என்றாள் அவள்.

"அதெப்படி?"

"அந்த சர்வர் கடைல நிக்கற ஒத்தை ஆள் மாதிரியாக்கும். ஒருத்தர் கேட்டதுக்குப் பதில் வர்றவரைக்கும் சும்மா நிக்காம மத்தவாளைக் கவனிக்கணும். என் வரி, பதில் வராம நகரமாட்டேன்னு நின்னுடுத்து. அத்தனை பேரும் காத்துண்டிருந்தா."

"சரியாச்சோ?"

"ஆச்சு. நீங்க ஏன் ஃபோனையே பார்த்துண்டிருக்கேள்?"

"உன் பயாப்ஸி ரிசல்ட் வரணுமே."

"வந்தா ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிடுவா. அதுவரைக்கும் என்னைப் பாருங்கோ."

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மத்தியானம் சாப்பிட்டியோ?"

"இல்லை, நானும் அந்த ரிசல்ட்டுக்காகக் காத்துண்டே இருந்துட்டேன்," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.