ரெய்னர்ஸ் லேன் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை

"இந்தப் பலகையிலை ஒரு எழுத்தும் எனக்கு விளங்கேல்லை. அதுதான் பிடிச்சிருக்கு."

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு, லண்டன் சைனா டவுனில் பன் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கடையின் சீனப் பெயர்ப்பலகையைக் காட்டிக் கணவரிடம் சொன்னார். லண்டன் புறநகரான ரெய்னர்ஸ் லேனில், ரயில் பாதையோரம் அவர்கள் திறக்கவிருக்கும் கடைக்கு மறுநாள் பெயர் எழுத ஆள் வருகிறாராம்.

"எங்கடை கடைப்பேரையும் தமிழிலை எழுதுவிப்பம்."

"தமிழிலை எழுதினா வெள்ளைக்காரர் உள்ளுக்கு வரமாட்டினம்."

"இஞ்சை எங்களுக்கு முன்னாலை நாலு வெள்ளைக்காரர் நிக்கினம்."

"இது சீனரின்ரை இடம். கவுன்சிலே தெருப்பேரைச் சீனத்திலையும் எழுதியிருக்கு. ரெய்னர்ஸ் லேன் எங்கடை இடமே?"

"இஞ்சை முதல் பலகை போட்ட ஆள் கவுன்சிலைக் கேட்டே போட்டவர்?"

கணவர் பன் பையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"எழுத்து எவ்வளவு பெரிசா வேணும் உமக்கு?"

"ரயிலிலை போறவைக்குத் தெரியோணும்."